பின் காலிப்பர் கிடைக்காத எம்ஆர்2: தேடுவதற்கு முன் திறந்து பாருங்கள்

வாசகர் கேள்வி: என்னிடம் 1987-ஆம் வருடத்து டொயோட்டா எம்ஆர்2 இருக்கிறது, முதல் தலைமுறை வண்டி. நான்கு வருடம் ஓடாமல் நின்றது. இப்போது எடுத்து ஓட்டினால் இடது பின் சக்கரம் கை வைக்க முடியாத அளவு சூடாகிறது. ஹேண்ட்பிரேக்கை இறக்கினாலும் பிடித்துக்கொண்டே இருக்கிறது. இன்னொரு பிரச்சினை, பெடலை மிதித்தபடியே வைத்திருந்தால் மெல்ல மெல்லக் கீழே இறங்குகிறது. ஆனால் ஒழுகல் எங்கும் தெரியவில்லை. ஒர்க்ஷாப்பில் ஏர் எடுத்து, அதாவது பிரேக் ஆயிலில் சிக்கிய காற்றை வெளியேற்றிப் பார்த்தும் பலன் இல்லை. பின் காலிப்பரும் மாஸ்டர் சிலிண்டரும் புதிதாகக் கிடைக்காது என்கிறார்கள். ஒருவர் பழைய காலிப்பர் ஜோடி தருகிறேன் என்கிறார். இன்னொருவர் வேறு வண்டியின் பெரிய பிரேக்கை மாற்றிவிடலாம் என்கிறார். எதைச் செய்யலாம்?

பதில்: முதலில் வண்டியை ஓரம் கட்டுங்கள். சூடாகிற சக்கரத்தோடு கொஞ்ச தூரம்தானே என்று ஓட்டாதீர்கள். பேடுகளை டிஸ்க்கில் அழுத்தும் பாகம்தான் காலிப்பர்; அதில் ஏறும் சூடு உள்ளே இருக்கும் பிரேக் ஆயிலைக் கொதிக்க வைக்கும். ஆயிலில் ஆவி வந்துவிட்டால் நீங்கள் மிதிக்கிற மிதி அந்த ஆவியை அழுத்துவதற்கே சரியாகிவிடும், பெடல் தரை வரை போகும். உங்கள் வண்டியில், பெடல் மிதியை ஆயில் அழுத்தமாக மாற்றும் மாஸ்டர் சிலிண்டரும் சந்தேகத்தில் இருக்கிறது. கடைசித் துணையான ஹேண்ட்பிரேக்கோ அதே பின் காலிப்பர்களில்தான் வேலை செய்கிறது.

அப்புறம், உங்களிடம் சொல்லப்பட்ட இரண்டு யோசனைகளில் எதற்கும் இப்போது தலையாட்ட வேண்டாம். இன்னும் யாரும் எதையும் திறந்தே பார்க்கவில்லை. பழைய வண்டி வைத்திருப்பவர்கள் பெரும்பாலும் கிடைக்காத உதிரியைத் தேடி மாதக்கணக்கில் அலைகிறார்கள். கடைசியில் கெட்டுப்போனது அந்த உதிரிக்குள் இருக்கும் ஒரு ரப்பர் வளையம் என்று தெரிய வரும். அந்த வளையம் கிடைக்கக்கூடிய பொருள்.

உங்களுக்கு இருப்பது இரண்டு தனித்தனிக் கோளாறுகள். சக்கரம் பிடிப்பது ஒன்று, பெடல் இறங்குவது இன்னொன்று. சேர்த்துக் குழப்பிக்கொள்ளாமல் பார்ப்போம்.

சக்கரம் ஏன் பிடிக்கிறது என்பதை ஒரு சின்ன ஸ்பேனரை வைத்தே பெரும்பாலும் கண்டுபிடித்துவிடலாம். சமதரையில் நிறுத்தி, முன் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை வைத்து, பின்பக்கத்தைத் தூக்கி ஸ்டாண்டில் உட்கார வையுங்கள். ஜாக்கை மட்டும் நம்பி அடியில் கை விடக் கூடாது. கியர் நியூட்ரலில் இருக்கட்டும், ஹேண்ட்பிரேக் இறங்கியிருக்கட்டும். பெடலை நாலைந்து முறை பாதியளவு மிதித்துவிட்டு, இடது பின் சக்கரத்தைக் கையால் சுற்றிப் பாருங்கள். பிடித்திருந்தால், காலிப்பரில் உள்ள ஏர் நிப்பிளில் ஒரு டியூபை மாட்டி, மெல்லத் திறந்துவிடுங்கள்.

ஆயில் பீய்ச்சி வந்து சக்கரம் லேசானால், காலிப்பரில் குற்றமில்லை. அழுத்தம் திரும்பிப் போக வழியில்லாமல் உள்ளேயே சிக்கியிருக்கிறது. ஒரு சக்கரம் மட்டும் இப்படி ஆனால் அந்தச் சக்கரத்துக்குப் போகும் ரப்பர் ஹோஸைத்தான் முதலில் சந்தேகப்பட வேண்டும். வயதான ஹோஸ் வெளியே பார்க்க நன்றாகவே இருக்கும். உள்சுவர் வீங்கியோ உரிந்தோ துளையை அடைத்திருக்கும். மிதிக்கும்போது வருகிற பெரிய அழுத்தம் ஆயிலை உள்ளே தள்ளிவிடும். காலை எடுத்ததும் திரும்ப அந்த வலு இருக்காது. நிச்சயப்படுத்திக்கொள்ள, மறுபடி மிதித்துவிட்டு, இந்த முறை ஹோஸுக்கு மேல்பக்கம் இரும்புக் குழாய் சேரும் நட்டை லேசாகத் தளர்த்துங்கள். சக்கரம் அப்போதும் விடவில்லை, நிப்பிளைத் திறந்தால் மட்டும் விடுகிறது என்றால் ஹோஸேதான். ஹோஸ் செய்து தரும் இடங்கள் பழைய ஹோஸின் நீளத்தையும் இரு முனைகளையும் பார்த்து அப்படியே புதிதாகச் செய்து தருவார்கள். இந்த வயது வண்டியில் எப்படியும் நாலு சக்கரத்துக்கும் ஹோஸ் மாற்ற வேண்டும்.

நிப்பிளைத் திறந்தும் சக்கரம் விடவில்லையா? அப்போது இரும்போடு இரும்பு ஒட்டிக்கொண்டிருக்கிறது. காலிப்பரின் பின்னால் ஹேண்ட்பிரேக் கேபிள் வந்து மாட்டும் சிறிய லீவர் இருக்கும். கேபிளைக் கழற்றிவிட்டுப் பாருங்கள். உடனே சக்கரம் விட்டால் கேபிள்தான் உறைக்குள் துருவேறி நிற்கிறது. கேபிளைக் கழற்றிய பிறகும் லீவர் தன் ஸ்டாப்பருக்குத் திரும்பாமல் பாதியில் நின்றால், லீவரின் ஷாஃப்ட் காலிப்பர் உடலுக்குள் துருப்பிடித்துவிட்டது. நின்ற வண்டி, ஹேண்ட்பிரேக்கை இறக்கியும் பிடிக்கிறது என்று நீங்கள் எழுதியிருப்பதை வைத்துப் பார்த்தால் என் சந்தேகம் இங்கேதான். ஹேண்ட்பிரேக்கும் சேர்ந்த பின் காலிப்பர்களுக்கு இது பழைய வியாதி. ஷாஃப்ட்டை மூடியிருக்கும் சின்ன ரப்பர் பூட் கிழிந்ததும் தண்ணீர் உள்ளே இறங்கும், மீதியைத் துரு பார்த்துக்கொள்ளும். லீவரும் கேபிளும் சுத்தமாக இருந்தால் பிஸ்டனையும், காலிப்பர் நகர்ந்துபோகும் ஸ்லைடு பின்களையும் பாருங்கள்.

இப்போது முக்கியமான இடத்துக்கு வருகிறேன். எதைத் தேட வேண்டும், எதைச் சரிசெய்துகொள்ளலாம் என்பதை முடிவு செய்வது ஒரே கேள்வி: ஆயிலை அடைக்கும் ரப்பர் சீல் எதில் உட்கார்ந்திருக்கிறது?

காலிப்பரில் சதுர வெட்டுள்ள ரப்பர் வளையம் காலிப்பர் உடலில் வெட்டிய ஒரு காடிக்குள் உட்கார்ந்திருக்கிறது. பிஸ்டன் அதன் நடுவே நகர்கிறது. ஆகவே ஆயிலை அடைத்து நிற்கும் பரப்பு பிஸ்டனின் வெளித்தோல். சிலிண்டர் சுவரில் அங்கங்கே துரு அரித்த குழி இருந்தாலும், காடி ஒழுங்காக இருந்தால் ஒழுகாது. பிஸ்டனில் நகம் தடுக்கும் அளவுக்கு ஒரு குழி இருந்தாலும் ஒழுகும். அதாவது காலிப்பரின் உடல் ஏறக்குறைய அழியாத பொருள். கெடுவது பிஸ்டன், சீல், பூட். மூன்றும் மாற்றக்கூடியவை. சாதாரண பிஸ்டன் கிடைக்காவிட்டால் நல்ல லேத்தில் ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில் செய்துகொள்ளலாம். உங்கள் பின் காலிப்பர் பிஸ்டனுக்குள் ஹேண்ட்பிரேக் அட்ஜஸ்டர் சேர்கிற அமைப்பு இருப்பதால் அது கொஞ்சம் சிக்கலான வேலை. அங்கேதான் நீங்கள் கேட்ட பழைய காலிப்பர் ஜோடி உதவும்.

மாஸ்டர் சிலிண்டரில் எல்லாம் தலைகீழ். அங்கே சீல் பிஸ்டனோடு சேர்ந்து நகர்கிறது, ஆயிலை அடைக்கும் பரப்பு சிலிண்டரின் உட்சுவர். உட்சுவரில் குழி விழுந்துவிட்டால் எத்தனை புது சீல் போட்டாலும் சில நாளில் கிழியும். ஆகவே காலிப்பருக்குப் பிஸ்டனைப் பாருங்கள், மாஸ்டர் சிலிண்டருக்கு உட்சுவரைப் பாருங்கள். இது புரிந்துவிட்டால் உங்கள் தேடும் பட்டியல் பாதியாகக் குறையும்.

காலிப்பரைத் திறப்பது பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் நல்ல காலிப்பர்கள் திறக்கும்போதுதான் கெடுகின்றன. இந்த வகைப் பிஸ்டனை சி கிளாம்ப் போட்டு உள்ளே நசுக்கக் கூடாது. முகப்பில் உள்ள பள்ளங்களில் அதற்கான கருவியைப் பொருத்தித் திருக வேண்டும்: வலப்பக்கம் சுற்றினால் உள்ளே போகும், எதிர்ப்பக்கம் சுற்றினால் வெளியே வரும். நசுக்கினால் உள்ளே இருக்கும் திருகு உடையும், அதுதான் உண்மையிலேயே கிடைக்காத பகுதி. பிஸ்டனை எடுத்த பிறகு உள்ளே சர்க்ளிப் என்ற பூட்டு வளையமும் அதற்கு அடியில் அழுந்திய ஸ்பிரிங்கும் இருக்கும். பாதுகாப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு, ஒவ்வொன்றையும் எடுத்த வரிசையில் படம் பிடித்து வையுங்கள். இடது காலிப்பர் முழுதாகத் திரும்ப மாட்டிய பிறகு வலதைத் தொடுங்கள். ஒரு தட்டில் இரண்டையும் கலக்காதீர்கள்.

சீலை மரக்குச்சியாலோ பிளாஸ்டிக் கம்பியாலோ நெம்பி எடுங்கள், ஸ்க்ரூடிரைவர் காடியைக் கீறிவிடும். எடுத்ததும் வெளிச்சம் அடித்துக் காடியின் அடியைப் பாருங்கள். வெள்ளையாகவோ பழுப்பாகவோ ஒரு பொருக்கு படிந்திருந்தால், ஜாமுக்குப் பாதிக் காரணம் அதுதான். பொருக்கு தடிக்கத் தடிக்கச் சீலைப் பின்னாலிருந்து தள்ளும், சீல் பிஸ்டனை நெரிக்கும். மிதித்த காலை எடுக்கும்போது பிஸ்டனைச் சற்றே பின்னுக்கு இழுப்பதும் இந்தச் சீலின் நெளிவுதான் என்பதால், காடி அடைந்தால் பேட் டிஸ்க்கை விட்டு விலகாது. புது சீல் கிட் வாங்கிவிட்டு இந்தக் காடியைச் சுரண்டாமல் விட்டால் செய்த வேலை வீண். சுத்தம் செய்ய பிரேக் கிளீனரோ ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலோ போதும். பெட்ரோல், மண்ணெண்ணெய், என்ஜின் ஆயில், சாதா கிரீஸ் எதுவும் சீலின் பக்கம் வரக்கூடாது. பிரேக் சீல் ரப்பர் அவற்றில் ஊறி வீங்கிவிடும். சீலுக்கும் பூட்டுக்கும் சிவப்பு ரப்பர் கிரீஸ், ஸ்லைடு பின்னுக்கு சிலிக்கான் கிரீஸ்.

திரும்ப மாட்டும்போது ஒன்றைக் கவனியுங்கள்: உள்பக்க பேடின் முதுகில் ஒரு சிறு முளை இருக்கும், அது பிஸ்டன் முகப்பின் பள்ளத்தில் உட்கார வேண்டும். உட்காராமல் மாட்டினால் பேட் சாய்ந்து தேயும், ஹேண்ட்பிரேக்கும் தானாக அட்ஜஸ்ட் ஆகாது.

சரி, பெடல் இறங்குவதற்கு வருவோம். வெளியே ஒழுகாமல் இறங்கினால் மாஸ்டர் சிலிண்டருக்குள் ஆயில் சீலைத் தாண்டிப் பின்னால் போகிறது என்று பொருள். மிதிக்கு வலு சேர்க்கும் பூஸ்டரில் மாட்டியிருக்கும் நட்டுகளைக் கழற்றி, குழாய்களை வளைத்துவிடாமல் சிலிண்டரைக் கொஞ்சம் முன்னே இழுத்துப் பின்முகத்தைத் தொட்டுப் பாருங்கள். ஈரமாக இருந்தால் பின் சீலும் போய்விட்டது, ஆயில் பூஸ்டருக்குள் இறங்குகிறது. அதனால்தான் தரையில் சொட்டு எதுவும் விழவில்லை.

ஏர் எடுத்தும் பலன் இல்லை என்று எழுதியிருக்கிறீர்கள். பழைய மாஸ்டர் சிலிண்டரில் பெடலைத் தரை வரை மிதித்து ஏர் எடுப்பது ஆபத்தான பழக்கம். தினசரி ஓட்டத்தில் பிஸ்டன் சிலிண்டரின் ஒரு பகுதியில்தான் போய்வரும். அதற்கு அப்பால் உள்ள சுவரில் வருடக்கணக்கில் துருவும் கசடும் சேர்ந்திருக்கும். முழு மிதி மிதித்தால் சீல் அதன் மேல் ஏறி உரசிக் கிழிகிறது. உங்கள் வண்டியில் அப்படித்தான் நடந்தது என்று சொல்லவில்லை. ஆனால் இனி ஏர் எடுக்கும்போது பெடலுக்கு அடியில் ஒரு மரக்கட்டை வைத்து, பாதி மிதியோடு நிறுத்துங்கள்.

சிலிண்டரைப் பிரித்து, உட்சுவரைத் துடைத்து, சிறு டார்ச் அடித்துப் பாருங்கள். வழுவழுப்பாக இருந்தால் ரிப்பேர் கிட் போதும். குழியோ படியோ தெரிந்தால் ஸ்லீவ் போட வேண்டும்: சிலிண்டரைப் பெரிதாகக் குடைந்து ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் அல்லது பித்தளைக் குழாயை இறக்கி, பழைய அளவுக்கே கொண்டுவருவார்கள். அலுமினிய உடலாக இருந்தால் ஹோன் போட்டுத் தேய்த்துச் சமாளிக்கலாம் என்று யாராவது சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள். உள்ளே கடினமாக்கிய மேல்பூச்சு இருக்கும், அது போனால் சுவர் சீக்கிரம் தேயும். ஸ்லீவ் போடக் கொடுக்கும் முன் ஒரு கேள்வி கேளுங்கள்: ரிசர்வாயரிலிருந்து இறங்கும் ஊசித்துளை அளவு வழியை ஸ்லீவிலும் போட்டு, உள்பக்கப் பிசிறை எடுத்துத் தருவீர்களா? அந்தத் துளை அடைந்தால் பெடலை விட்ட பிறகும் அழுத்தம் இறங்காது, அந்தச் சர்க்யூட்டில் உள்ள சக்கரங்கள் எல்லாம் பிடிக்கும். பிசிறு இருந்தால் புது சீலை அது வெட்டும். இந்தக் கேள்விக்குத் தெளிவாகப் பதில் சொல்பவரிடம் மட்டும் கொடுங்கள்.

உதிரி தேடுவது எப்படி? வண்டியின் பெயரைச் சொல்லித் தேடினால் "இல்லை" என்ற பதில்தான் வரும். எண்ணைச் சொல்லித் தேடுங்கள். டொயோட்டாவின் உதிரி எண் பத்து இலக்கம், நடுவில் ஒரு கோடு. முதல் ஐந்து இலக்கம் அது என்ன உதிரி என்பதைச் சொல்லும்: 47201 என்று தொடங்கினால் மாஸ்டர் சிலிண்டர், 04493 என்றால் அதன் ரிப்பேர் கிட். கடைசி ஐந்து இலக்கம் எந்த வகை என்பது. முழு சிலிண்டர் நின்றுபோயிருந்தாலும் கிட் இன்னும் ஓடிக்கொண்டிருக்கலாம், ஏனென்றால் அதே கிட் வேறு மாடல்களுக்கும் போயிருக்கும். பழைய எண்ணுக்குப் பதிலாகப் புது எண் வந்திருக்கிறதா என்றும் கேளுங்கள். எண்ணே கிடைக்காவிட்டால் அளவு இருக்கிறது. மாஸ்டர் சிலிண்டரின் உடலில் 13/16, 7/8, 15/16 என்பது போல ஒரு பின்னம் வார்ப்பிலேயே இருப்பதுண்டு. ஜப்பானிய வண்டிகளிலும் இந்த அங்குலக் கணக்குதான் பார்க்கலாம். காலிப்பர் சீலுக்குப் பிஸ்டனின் விட்டத்தை வெர்னியரில் அளந்து, காடியின் அகலத்தையும் ஆழத்தையும் சேர்த்துக் கொடுத்தால் அளவு வைத்து சீல் விற்பவர்கள் பொருத்திக் கொடுப்பார்கள்.

டொயோட்டாவே தன் பழைய வண்டிகளுக்கு உதிரிகளை மறுபடி செய்யத் தொடங்கியிருக்கிறது. ஜிஆர் ஹெரிடேஜ் பார்ட்ஸ் என்ற பெயரில் 2020-இல் 2000ஜிடிக்கும் பழைய சூப்ராக்களுக்கும் ஆரம்பித்தார்கள். பிறகு ஏஇ86 என்ற பழைய கொரோலா வகைக்கு அறிவித்த முதல் உதிரிகளிலேயே பின் பிரேக் காலிப்பரும் இருந்தது. உங்கள் வண்டியின் 4ஏ-ஜிஇ என்ஜின்தான் ஏஇ86-இலும் என்பதற்காக அந்தக் காலிப்பரும் பொருந்தும் என்று வாங்கிவிடாதீர்கள். ஆனால் அந்தப் பட்டியலில் புதிதாக என்ன சேர்கிறது என்று அவ்வப்போது பார்ப்பது நல்லது.

பழைய காலிப்பர் ஜோடியை வாங்கலாம், நேராக வண்டியில் மாட்டுவதற்கு வேண்டாம். உள்ளே இருக்கும் திருகு, ஷாஃப்ட், லீவர் இவற்றுக்காக வாங்குங்கள். லீவரை ஆட்டிப் பாருங்கள், ஸ்டாப்பருக்குத் திரும்ப வேண்டும். பிஸ்டன் திருகினால் சுழல வேண்டும். நிப்பிள் உடையாமல் கழல வேண்டும். இந்த மூன்றும் சரியாக இருந்தால் வெளியே எவ்வளவு துரு இருந்தாலும் பரவாயில்லை. உங்கள் சொந்தக் காலிப்பரை "எக்ஸ்சேஞ்ச்" என்று சொல்லி யாரிடமும் கொடுத்துவிடாதீர்கள், வேலை முழுதாக முடியும் வரை அது உங்கள் அலமாரியில் இருக்கட்டும். இன்னொரு பொறி: முப்பது வருடப் பழைய பெட்டியில் பிரிக்காமல் வைத்த "புது" ஹோஸும் சீலும். இரும்புக்கு அது நல்ல செய்தி, ரப்பருக்கு இல்லை. பெட்டிக்குள் இருந்தாலும் ரப்பருக்கு வயது ஏறும்.

பேட் கிடைக்காதது பெரிய விஷயமே இல்லை. பின்தகட்டை வைத்துப் புது லைனிங் ஒட்டித் தருபவர்கள் இருக்கிறார்கள். பழைய பேட் எந்தக் காலத்தது என்று தெரியாததால் தூசியைக் காற்றடித்து ஊதாதீர்கள், ஈரத்துணியால் துடையுங்கள், ஆஸ்பெஸ்டாஸ் கலந்திருக்கலாம். டிஸ்க்கில் குறைந்தபட்சத் தடிமன் மி.மீ. கணக்கில் பொறித்திருக்கும், அதற்குக் கீழே போயிருந்தால் மாற்றித்தான் ஆக வேண்டும்.

பெரிய பிரேக் யோசனைக்கு என் பதில் வேண்டாம் என்பதே, காலிப்பரைத் திறந்து பார்த்த பிறகும். பிஸ்டனின் விட்டம் 20 சதவீதம் கூடினால் அதை நகர்த்தத் தேவையான ஆயில் 44 சதவீதம் கூடுகிறது. அதே மாஸ்டர் சிலிண்டரை வைத்துக்கொண்டால் பெடல் ஆழமாகப் போகும். அதைவிடப் பெரிய கவலை முன்பின் சமநிலை. என்ஜின் இருக்கைக்குப் பின்னால் இருக்கும் இந்த வண்டியில் பாரமும் பின்னால்தான் அதிகம். பிரேக் பிடிக்கும்போது பின் சக்கரம் முன்னதுக்கு முன்பே லாக் ஆனால் வண்டி பின்பக்கமாகச் சுழன்றுவிடும். அதைத் தவிர்க்கவே டிஸ்க், பிஸ்டன், பின் அழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் வால்வு எல்லாவற்றையும் ஒன்றுக்கொன்று கணக்குப் பார்த்து வைத்திருக்கிறார்கள். ஒன்றை மட்டும் மாற்றினால் அந்தக் கணக்கு கலைந்துவிடும். ஒழுங்காக இருக்கும் அசல் பிரேக் இந்த எடை குறைந்த வண்டிக்குத் தாராளம்.

இரும்புக் குழாய்களையும் பாருங்கள். துருவேறியிருந்தால் தாமிர நிக்கல் கலவைக் குழாய் போடுங்கள், துருப்பிடிக்காது. நட்டு எம்10, 1 மி.மீ. பிட்ச் என்பது ஜப்பானிய, ஐரோப்பிய வண்டிகளில் பரவலாக இருப்பது. பழைய பிரிட்டிஷ் வண்டிகளில் உள்ள 3/8 அங்குல நட்டு கையில் எடுத்தால் ஒன்றுபோலவே இருக்கும், ஒன்றில் ஒன்றைத் திணித்தால் மரை கெடும். முனையை எந்த வடிவத்தில் மடித்திருக்கிறார்கள் என்று பழைய குழாயைப் பார்த்து அதேபோல் செய்யச் சொல்லுங்கள். ஹோஸ் போல்ட்டின் செம்பு வாஷர்கள் ஒவ்வொரு முறையும் புதிது.

ஆயில், ரிசர்வாயர் மூடியில் என்ன போட்டிருக்கிறதோ அதுவே. டாட் என்பது பிரேக் ஆயிலின் தர வகை. டாட் 3 புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காமல் நிற்க வேண்டும் என்பது தர விதி. ஈரம் ஏறிய பிறகு அந்த அளவு 140. டாட் 4-க்கு 230, 155. காற்றில் உள்ள ஈரத்தை பிரேக் ஆயில் குடித்துக்கொண்டே இருப்பதால்தான் இரண்டு வருடத்துக்கு ஒரு முறை மாற்றச் சொல்கிறோம், ஓடாமல் நின்றாலும். சிலிக்கான் வகையான டாட் 5-ஐ இவற்றோடு கலக்கவே கூடாது.

எல்லாம் மாட்டி ஏர் எடுத்த பிறகு, வண்டி நின்ற இடத்திலேயே பெடலை ஒரு நிமிடம் பலமாக அழுத்திப் பிடியுங்கள். துளியும் இறங்கக் கூடாது. பிறகு ஒவ்வொரு இணைப்பையும் உலர்ந்த வெள்ளைத்தாளால் ஒற்றிப் பாருங்கள். ஆளில்லாத சமதரையில் மெதுவாக ஓட்டி நிறுத்தி, இரண்டு பின் சக்கரங்களின் சூட்டையும் ஒப்பிட்டுப் பாருங்கள். இரண்டும் ஏறக்குறைய ஒரே அளவில் இருக்க வேண்டும். சாலைக்கு எடுக்கும் முன் பிரேக் வேலையே தொழிலாகச் செய்யும் ஒருவர் உங்கள் வேலையை ஒரு முறை பார்த்துவிடட்டும்.

முதலில் நிப்பிள் சோதனையை மட்டும் செய்யுங்கள். சக்கரம் எப்போது விட்டது, மாஸ்டர் சிலிண்டர் உடலில் என்ன பின்னம் இருக்கிறது, பிஸ்டன் விட்டம் எவ்வளவு என்று எழுதி, காலிப்பர் காடியின் படத்தையும் சேர்த்து அனுப்புங்கள். ஸ்லீவ் தேவையா, ரிப்பேர் கிட் மட்டும் போதுமா என்று அதைப் பார்த்துச் சொல்கிறேன்.